கொல்லைப்புறத்திலும் காட்டைப் பார்த்தவர்: மா. கிருஷ்ணன்

காலை ஆறரை மணிக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பால் காய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் குடியிருப்பில் பின்பக்கம் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு அந்த நேரத்தில் இலவசக் கச்சேரி உண்டு. ஏழெட்டு தவிட்டுக்குருவிகள் காய்ந்த இலைகளைப் புரட்டிப் போட்டு, நடுநடுவே குடும்பச் சண்டையும் போட்டுக்கொள்ளும். முருங்கைப் பூவில் தேன்சிட்டு தொங்கும். செம்பருத்திக்குள் எங்கோ ஒளிந்துகொண்டு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய குரலில் தையல்சிட்டு கத்தும். மதில் மேல் அணில், மதிலோரக் கல்லில் ஓணான். நாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

இதே காட்சியை விட்டுவிட்டுப் போகாமல் நின்று பார்த்த ஒருவர் இருந்தார். பார்த்ததை 46 ஆண்டுகள், பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரையாக, ஒரே பத்திரிகையில் எழுதினார். பத்திரிகை கல்கத்தாவில் வெளியான ‘ஸ்டேட்ஸ்மன்’. எழுதியவர் மயிலாப்பூர்க்காரர். பெயர் மா. கிருஷ்ணன். இந்த இதழுக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு நம் குடியிருப்பு சம்பந்தப்பட்ட ஒரு காரணமும் உண்டு. நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணன் பிறந்தது திருநெல்வேலியில், 1912 ஜூன் 30 அன்று. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர், தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பின் மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறி, ‘பஞ்சாமிர்தம்’ என்ற பத்திரிகை நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பட்டப்படிப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தவர், அந்த மண்டபத்திலேயே உயிர்விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன்பின் அவரை வளர்த்தது அக்காதான்.

அந்தக் கால மயிலாப்பூரை இப்போது கற்பனை செய்வது கஷ்டம். இன்றைக்குக் கோயில் குளத்தைச் சுற்றி ஒரு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். கிருஷ்ணன் பள்ளிக்கூடம் போன நாளில் வீடுகளைச் சுற்றிப் புதர்க்காடு கிடந்தது. நரிகள் இருந்தன, வெளிமான்களும் இருந்தன. பையன் ஒரு கீரிப்பிள்ளையையே வளர்த்தான். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் வியப்பாக இராது. அஸ்தம்பட்டியைத் தாண்டினாலே மேட்டாங்காடும் முள்வேலியுமாகக் கிடந்த சேலத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வங்கா நரி பிடித்து ஊரைச் சுற்றி வரும் வழக்கம் இருந்ததும், வனத்துறை அதைத் தடுத்து வழக்குப் போடுவதும் உங்களுக்குத் தெரிந்த செய்திதான். நரி இருந்தால்தானே பிடிக்க முடியும். அந்த அளவுக்கு நம் ஊர் ஓரத்திலும் காடு ஒட்டிக்கொண்டிருந்தது.

1927-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். மாணவர்களை அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதோடு நிற்காமல் மலைக்கு அழைத்துப் போனவர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அவரோடு கிருஷ்ணன் போனார். ஃபைசனின் மனைவி நன்றாகப் படம் வரைவார். வாட்டர்கலர் போடும் முறையைக் கிருஷ்ணன் அந்த அம்மாளிடம் கற்றுக்கொண்டார். தென்னிந்திய மலைவாசஸ்தலங்களின் செடிகொடிகளைப் பற்றி ஃபைசன் 1932-ல் வெளியிட்ட பெரிய நூலில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வரிசையில் நம் ஏற்காடும் இடம்பெற்றிருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வரும் அதே ஏற்காடுதான்.

1931-ல் பட்டம் வந்தது, பிறகு சட்டமும் படித்தார். மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நல்ல உத்தியோகமும் அமையவில்லை. சின்னச் சின்னப் பத்திரிகைகளில் எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். 1937-ல் திருமணமும் ஆகிவிட்டது. வீட்டில் அப்போது என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. கஞ்சமலையில் இருப்பதுபோல் அங்கேயும் இரும்புத்தாது நிறைந்த மலைகள். மகாராஜாவிடம் அவர் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும்: பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசியல் செயலாளர். ஒரே ஆள்! மிச்ச நேரத்தில் மலைக்காட்டில் சுற்றினார், ஆடு மேய்த்துப் பார்த்தார், தபால் கொண்டுபோகப் பழக்கலாம் என்று புறா வளர்த்தார்.

இந்த இடத்தில் சில வீடுகளில் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நம் குடியிருப்பில் புறா என்ற சொல்லுக்கே எதிர்ப்பு உண்டு, ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கூடு கட்டி, பால்கனியை நாசம் செய்து, வலை அடிக்க வைத்த பிராணி. கிருஷ்ணன் வளர்த்தது வீட்டுக்குத் திரும்பி வரப் பழக்கிய வளர்ப்புப் புறாக்கள். நம்மிடம் வருவது பாறை இடுக்கில் கூடு கட்டும் இனத்தின் வாரிசு. நாம் கட்டும் ஆறு மாடியும் அதற்கு ஒரு பாறைதான், அதுவும் மொட்டை மாடியில் தானியம் இறைத்து வைக்கிற பாறை.

1949-ல் சண்டூர் இந்திய யூனியனோடு இணைந்தது. சமஸ்தான வேலை போயிற்று. அரசாங்க வேலைக்கு முயன்றிருக்கலாம், கிருஷ்ணன் முயலவில்லை. சென்னைக்குத் திரும்பி, எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், இருந்துகொண்டு எழுத்தையும் படங்களையும் நம்பி வாழ முடிவு செய்தார். அப்போது அவருக்கு 37 வயது, குடும்பஸ்தர். பறவையையும் அணிலையும் பற்றி எழுதிப் பிழைப்பது என்பது அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொழில். இன்றைக்கும்தான். 1950-ல் ஸ்டேட்ஸ்மனில் அவருடைய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தி தொடங்கியது. மாதம் இரண்டு என்று கணக்குப் போட்டாலும் ஆயிரத்துக்கு மேல் கட்டுரைகள்.

எல்லாமே புலியும் யானையும் பற்றியவை அல்ல. அவருடைய விசேஷமே அதுதான். 1961-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவர் புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘காடும் கொல்லைப்புறமும்’. இரண்டையும் ஒரே அட்டையில் போட்டதில் அவருடைய மனசு தெரிகிறது. காக்கை, மைனா, அணில், பல்லி இவற்றுக்கும் காட்டு யானைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்தார். அரிய பறவையைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் தினமும் வாசலில் வந்து நிற்கும் காக்கையைப் பார்ப்பதே இல்லை. கிருஷ்ணன் அதைத்தான் பார்த்தார், கூடவே படமும் வரைந்தார்.

அப்படிப் பார்ப்பதற்கு நம் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? வேம்பில் வருஷா வருஷம் காக்கை கூடு கட்டுகிறது. கோடையில் குயில் கத்துவதை இனிமை என்று சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நடப்பது ஒரு திருட்டு. கருப்பு ஆண்குயில் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்தும். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண்குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். பிறகு காக்கைத் தாயே அதை வளர்க்கும். குயில் குஞ்சு சில குயிலினங்களைப்போலக் கூட்டுக்காரர் குஞ்சுகளைக் கீழே தள்ளிவிடுவது அபூர்வம். பெரும்பாலும் கூடவே வளர்கிறது. அடுத்த ஜூனில் காக்கை ஒன்று தன்னைப்போலவே இல்லாத ஒரு குஞ்சுக்குச் சோறு ஊட்டுவதைக் கண்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

தையல்சிட்டு பத்து கிராம்கூட இராது. செடியின் அகலமான இலையை மடக்கி, ஓரங்களில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்துத் தைத்து, அந்தப் பைக்குள் கூடு வைக்கிறது. செம்போத்து இருக்கிறதே, செம்பழுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக மதிலோரம் நடந்து போகுமே, அது நத்தை, ஓணான், சிறு பாம்பு எல்லாவற்றையும் தின்னும். ராத்திரி சுவரோரமாகக் கீச்கீச்சென்று ஓடும் மூஞ்சூறு எலியே அல்ல. கரப்பான்பூச்சி தின்கிற பிராணி. அதற்குப் பொறி வைக்கிற வீடுகள் நம்மிடம் மூன்றாவது உண்டு.

இனி, சொல்கிறேன் என்ற காரணம். வருகிற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. பின்பக்க மதிலை ஒட்டிய மண் தரை முழுவதையும், அதாவது தரைத்தள வீட்டுக்காரர்கள் செடி வைத்திருக்கும் துண்டுகளையும் சேர்த்து, பேவர் பிளாக் போட்டு விருந்தினர் கார் நிறுத்தமாக மாற்றுவது. ஒரு வேம்பும் இரண்டு புங்க மரங்களும் போகும். கொண்டுவந்தவர்கள் சொல்லும் காரணங்களைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. விசேஷ நாளில் வண்டி நிறுத்த இடமில்லை என்பது உண்மை. காரின் மேல் எச்சம் விழுவது உண்மை. போன மழைக்காலத்தில் மோட்டார் அறைப் பக்கம் பாம்பு வந்ததும், குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் தாய்மார்கள் பயந்ததும் உண்மை.

அந்தப் பாம்பு சாரை. விஷமில்லாதது, எலி தின்பது. அது ஏன் வந்தது என்று மோட்டார் அறைக்காரரைக் கேட்டால் சொல்வார்: சம்ப்பைச் சுற்றிப் பெருச்சாளி வளை. பேவர் போட்டால் பெருச்சாளி போய்விடாது. கல்லுக்கு அடியிலேயே தோண்டும், கல் உள்வாங்கும். பேருந்து நிலையப் பக்கத்து நடைபாதைகளில் பார்த்திருப்பீர்கள். போகப்போவது செம்போத்தும் கீரியும் சாரையும்தான், அதாவது நம்மிடம் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள். நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் நம் பகுதியில் உண்டு, அதை மறைக்கவில்லை. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கிட்டே போகாமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்வதுதான் சரி; மண்ணையே மூடுவது அதற்குப் பரிகாரம் ஆகாது. இன்னொன்று, மழை நீர் இறங்க நம் வளாகத்தில் மிச்சமிருக்கும் பெரிய மண் பரப்பு அது ஒன்றுதான். ஏப்ரலில் போர்வெல் காற்றைக் கக்கி, டேங்கர் லாரிக்கு நாம் பணம் கட்டும்போது இது நினைவுக்கு வரும். என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை.

கிருஷ்ணனிடம் திரும்புவோம். மரம் நடுவதிலும் அவருக்கு அழுத்தமான கருத்து இருந்தது. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கட்டடங்களிலும் கலைகளிலும் மட்டுமல்ல, அதன் சொந்த மரம், செடி, விலங்கு, பறவைகளிலும் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். வெளிநாட்டு அலங்கார மரங்களை ஊர் முழுக்க நடுவதைச் சாடினார். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோஹர், நாம் மே ஃபிளவர் என்று சொல்லும் மரம், அவருக்கு ஆகவே ஆகாது. நம் வேம்பும் புங்கனும் பூவரசும் சரக்கொன்றையும் நிற்க, அது எதற்கு என்பது அவர் கட்சி.

இதில் நான் அவரோடு முக்கால்வாசிதான் ஒத்துப்போவேன். கிழக்கு மதிலோரம் தானாக முளைத்து நிற்கும் தேன்பழ மரம் அமெரிக்கக் கண்டத்து இனம்தான். ஆனால் அதன் சின்னச் சிவப்புப் பழத்துக்குப் பூக்கொத்திச் சிட்டு, கொண்டைக்குருவி, அணில், இரவில் வௌவால், பகலில் பள்ளி விட்டு வரும் நம் பிள்ளைகள் என்று வரிசை நிற்கிறது. கிருஷ்ணன் பார்த்தால் திட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். இருக்கட்டும். குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பற்றி அவர் பக்கம்தான் நான். பத்துத் தொட்டியில் ஒரு பூச்சிகூட உட்காருவதில்லை. பால்கனிக்காரர்கள் அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு ஒரு கறிவேப்பிலை, ஒரு இட்லிப்பூ வைத்துப் பாருங்கள். கறிவேப்பிலைக்கு வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும். புழு இலையைத் தின்னும், அதையும் சொல்லிவிடுகிறேன்; ரசத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும்.

கொல்லைப்புறம் பற்றியே பேசினால் அவருடைய மறுபாதி விட்டுப்போகும். 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்து, தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. யானைகளைப் பற்றி அவர் சொன்னால் வனத்துறையே கேட்டது. வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். ஏரியில் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட கிராமத்தார், அரசாங்கச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளைக் காத்த ஊர் அது. நம் மூக்கனேரியில் மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்த பிறகு நீர்க்காகமும் கொக்கும் வந்து அடைவதை மாலையில் கன்னங்குறிச்சிப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்; எச்சத்தைப் பற்றி அங்கே யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

அவர் எடுத்த படங்கள் கருப்பு வெள்ளை. கேமராவோ ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்றதெல்லாம் தன் கையால் ஒட்டுப்போட்டது. அந்தப் பாரமான கருவிக்கு வேடிக்கையாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு கும்கி யானை மேல் உட்கார்ந்து காட்டு யானையைப் படம் எடுப்பார். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நிலா படம் போடும் நண்பர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்திய வனவிலங்கு வாரியத்தில் இருந்தார். பத்மஸ்ரீ வந்தது. 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ பட்டியலில் பெயர் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் அவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் கல்கத்தாப் பத்திரிகையில் எழுதியது. தமிழுக்காகப் பேசி மேடையிலேயே உயிர்விட்டவரின் மகனுக்கு இப்படி அமைந்தது எனக்கு ஒரு உறுத்தல்தான். ஆனால் தமிழில் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடி எடுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தார். குருவிகளின் தமிழ்ப் பெயர்களுக்காகவே அதைப் படிக்கலாம்.

1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் கிருஷ்ணன் காலமானார். வயது 83. கன்ட்ரி நோட்புக் அந்த ஆண்டு வரை வந்துகொண்டிருந்தது.

‘மழைக்காலமும் குயிலோசையும்’ ஒரு பிரதி சங்க அலுவலக அலமாரியில், பழைய வார இதழ்களுக்கு மேல் தட்டில் இருக்கிறது. பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள், பதினைந்து நாளில் கொண்டுவாருங்கள். இன்னொரு வேண்டுகோள்: இப்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இந்த வாரங்களில் நம்மைப்போன்ற தோட்டங்களில் இறங்கி இளைப்பாறும். பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கருப்புப் பட்டை, குட்டை வால். மரத்தில் தேடாதீர்கள், சருகில் தத்திக்கொண்டிருக்கும். விடியற்காலையிலும் அந்தி ஆறு மணி வாக்கிலும் இரண்டு சீட்டி அடிக்கும். பின்பக்கப் புங்க மரத்தடியில் யார் கண்ணிலாவது பட்டால், தேதியும் நேரமும் குறித்து அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதி வையுங்கள். பொதுக்குழு அன்றைக்கு அந்த நோட்டையும் மேஜை மேல் வைக்கப் போகிறேன்.